ஆறாம் பந்தி

நான் முன்பு வேலை செய்த நீதிமன்றத்தில் போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். பத்தரைக்கு வருகிற றோல்ஸும் தேநீரும் வரும் முன்னே நான் எழும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் இருக்கும் லிங்கநகரில் என்னைத் தெரிந்த எல்லாரும் அதைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் இருந்தவள் நான். முதலில் தட்டெழுத்தாளர், பிறகு எழுதுவினைஞர். எந்த நீதிமன்றம் என்று எழுத மாட்டேன். யன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும், அவ்வளவு போதும். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் வீங்க அடித்தோம், சண்டைக் காலத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்தோம், திறந்ததும் திரும்ப வந்து அடித்தோம்.

வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டது நிரோஷன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னர் வேலைக்கு வந்தவர். "மிஸ், விவாகரத்து வழக்குகளை இனி நேரா விளக்கத்துக்கு விடுறேல்லையாம். முதல்ல இணக்க மாநாடு. அந்த மாநாடுகளில கனகாலம் இருந்தது நீங்கள் தானே. வந்து எங்கட பிள்ளையளுக்கு ரெண்டு கதை சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சேலையெல்லாம் அயன் பண்ணி உடுத்திக்கொண்டு போனேன்.

விளக்கம் என்று நீதிமன்றத்தில் சொல்வது சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதை. விவாகரத்து வழக்கில் அது எப்படி நடக்கும் என்பதை நான் சொன்னால் தான் உண்டு. நான் வேலை செய்த காலம் முழுவதும் எங்கள் சட்டத்தில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து "எங்களுக்குப் போதும்" என்றால் விவாகரத்துக் கிடைக்காது. ஒருவர் மற்றவரில் குற்றம் காட்ட வேண்டும். கள்ளத் தொடர்பு, அல்லது கெட்ட எண்ணத்தோடு விட்டுப் போனது, இப்படி ஒன்று. அதைக் கூண்டில் நின்று நிரூபிக்க வேண்டும். காணி வழக்குக்கு வந்தவன், கடன் வழக்குக்கு வந்தவன், வெயிலுக்கு ஒதுங்கினவன் எல்லாரும் பின்னால் போட்டிருக்கும் நீள வாங்குகளில் உட்கார்ந்திருப்பார்கள். சட்டத்தரணி கேட்பார்: "கடைசியா நீங்கள் ரெண்டு பேரும் ஒரே அறையில படுத்தது எந்த மாசம்?" அந்தப் பெண் நிலத்தைப் பார்ப்பாள். "சத்தமாச் சொல்லுங்கோ, நீதிமன்றத்துக்குக் கேக்கேல்ல." பின்னால் சிரிப்பார்கள். கேள்வியையும் பதிலையும் நான் அடிப்பேன். சிரிப்பை அடிக்கும் வழக்கம் இல்லை. வழக்கேட்டில் சிரிப்பு இருக்காது.

ஒரு தவணையில் அரைவாசிக் கேள்வி முடியும். மிச்சத்துக்கு நாலு மாதம் கழித்து வா என்று தவணை கொடுப்பார்கள். வழக்குப் போடும்போது கையில் இருந்த பிள்ளை தீர்ப்பு வரும்போது பள்ளிக்கூட உடுப்போடு வந்து நிற்கும். ஆகவே இரண்டு பேரையும் நீதிபதியின் அறையில் இருத்திக் கேட்கும் இணக்க மாநாட்டை நான் எதிர்க்கிறேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். கதைத்து முடிக்க வேண்டியதைக் கதைத்துத் தான் முடிக்க வேண்டும். எப்படிக் கதைக்கிறது என்பதில் தான் எனக்குக் கோபம்.

அதை எங்களுக்குக் காட்டித் தந்தவர் ஒரு நீதிபதி. பெயர் வேண்டாம், நாங்கள் ஐயா என்றே சொன்னோம். கட்டையான மனிதர். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார், ஆனால் அவர் மெல்லமாகச் சொல்வது தான் உறைக்கும். ஒரு நாளும் யாரையும் பாராட்டியதை நான் கேட்டதில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்து தனியே சாப்பிடுவார், சாப்பிடும்போது யாராவது உள்ளே போனால் அன்று பின்னேரம் முழுக்க முகம் கொடுக்க மாட்டார். நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சரியானவர்.

அவர் வந்து முதலாவது செய்த வேலை தன் அறையில் கிடந்த பெரிய மேசையை வெளியே எடுப்பித்தது. அடுத்தது கதிரைகள். கைபிடி வைத்த கதிரைகள் சட்டத்தரணிகளுக்கு, கைபிடி இல்லாதவை சனங்களுக்கு என்று இருந்தது. எல்லாவற்றையும் மாற்றி ஒரே மாதிரி ஐந்து கதிரை போட வைத்தார். ஒன்றில் தான் இருந்தார். மூலையில் என் சின்ன மேசை. சட்டத்தரணிகள் சுவரோரம் இருக்கலாம், அவர் கேட்கும் வரை கதைக்கக் கூடாது. தலை நரைத்த ஒரு சட்டத்தரணி முதல் நாளே வாயைத் திறந்தார். "உங்கட நேரம் வரும் சேர்" என்றார் ஐயா. அது வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது.

சொந்தக்காரர்களை உள்ளே விடவே மாட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் நீதிமன்றத்துக்கு வந்தால் அவளோடு ஒரு அண்ணனோ தாய்மாமனோ வருவான், அவளுக்குப் பதிலாக அவன் தான் கதைப்பான். ஐயா அவனைப் பார்த்துக் கேட்பார்.

"ஆருக்கு விவாகரத்து? உங்களுக்கோ?"

"இல்ல ஐயா, நான் இவவின்ர அண்ணன்."

"அப்ப வெளியில இருங்கோ. உங்களுக்கும் வேணுமெண்டால் தனிய ஒரு வழக்குப் போடுங்கோ, அப்ப உங்களையும் கூப்பிடுறன்."

பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் போடுவார். "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் சட்டத்தரணி பாடமாக்கிக் கொடுத்ததைத் தான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்பது இது: "விடிய எழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் நேற்று என்ன செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ." முதலில் எல்லாரும் முழிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னினது, பஸ் பிந்தினது, சமைத்தது, தனிய இருந்து சாப்பிட்டது. மற்றவர் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும், குறுக்கே கதைக்கக் கூடாது. ஒரே வீட்டில் எட்டு வருடம் இருந்தவர்கள் ஒருவர் நாளை மற்றவர் அந்த அறையில் தான் முதல் தடவையாகக் கேட்பார்கள். அதற்குப் பிறகு தான் பிள்ளை யாரோடு, எந்த நாளில், எவ்வளவு நேரம் என்ற கதை.

கதைத்து முடிந்த பிறகு தான் நான் நிபந்தனைகளை அடிக்க வேண்டும். அடித்ததை ஐயா தானே வாசிப்பார். ஒரு நிபந்தனைக்கு ஒரு பந்தி. ஒவ்வொரு பந்தியும் முடிய நிறுத்தி, "விளங்கினதை உங்கட வாயால சொல்லுங்கோ" என்பார். சொல்ல ஏலாவிட்டால் அந்தப் பந்தியைத் திருப்பி எழுத வேண்டும். எழுதி முடித்தாலும் அன்றைக்குக் கையொப்பம் கிடையாது. ஒரு கிழமை கழித்து வரச் சொல்வார். "நித்திரை கொண்டு எழும்பி யோசிச்சும் சரியெண்டால் வந்து வையுங்கோ." அவர் காலத்தில் முடிந்த வழக்குகள் பெரும்பாலும் திரும்ப வரவில்லை. மற்ற நீதிமன்றங்களில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், நாங்கள் மெதுவாம்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

என் கணினியில் நிபந்தனைகளுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. பத்துப் பந்தி. பெயர்களுக்கும் திகதிகளுக்கும் இடைவெளி விட்டிருக்கும். ஐயா வருவதற்கு முன்னிருந்தே நான் வைத்திருந்தது. அதில் ஆறாவது பந்தி இது: "பிள்ளையை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் வைத்துத் தகப்பனிடம் ஒப்படைத்தல் வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்கு அவ்விடத்திலேயே தாயிடம் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும்." இது எப்படி வந்தது என்றால், வெகு காலத்துக்கு முன் ஒரு வழக்கில் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவனை வாசலில் வைத்து மாமன்காரன் தடியால் அடித்துவிட்டான். அந்த வழக்குக்குப் பொலிஸ் நிலையம் சரி. நான் அந்த வசனத்தை மாதிரியில் போட்டு வைத்தேன். ஒரு வழக்குக்குப் போட்டது அடுத்ததற்கும் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஐயா அந்த மாதிரியைக் கிட்டக் கொண்டுவர விடமாட்டார், அதனால் அவர் காலத்தில் அது கணினிக்குள் தூங்கிக்கொண்டு இருந்தது.

பிறகு ஐயா நாலு மாதம் வேறு ஊருக்குக் கடமைக்குப் போனார். பதிலாக வந்தவர் இளம் ஆள், நல்ல சிரித்த முகம், எல்லாருக்கும் வணக்கம் சொல்வார். மாத முடிவில் எத்தனை வழக்கு முடிந்தது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது தான் அவருடைய முழு யோசனையும். "மிஸ், எல்லாம் ரெடியோ?" என்று கேட்பார். சனம் வரும் முன்னே நான் பத்துப் பந்தியையும் பெயர் போட்டு அடித்து வைத்திருப்பேன். "ரெடி சேர்." அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படித் தான் கலைவாணி, சுதாகரன் வழக்கு வந்தது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கலைவாணி உப்புவெளியில் பாலர் பாடசாலை ஆசிரியை. சுதாகரன் துறைமுகத்தில் இழுவைப் படகில் என்ஜின் பார்ப்பவர். ஒரே பிள்ளை, மதுரா, ஏழு வயது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்துத் தான் கலியாணம் செய்து வைப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பகுதியிலும் அது தான் முறை. உப்புவெளி வீடும் கலைவாணியின் பெயரில். ஒரு நாள் சண்டை முற்றி சுதாகரன் வெளிக்கிட்டுப் போனார். அவர் விட்டுப் போனார் என்று அவள் வழக்கு. அவள் வாசல் படலையைப் பூட்டினாள் என்று அவர் எதிர்வழக்கு. மூன்று வருடம் இழுத்தது. ஒரு நாள் விளக்கமும் நடந்தது. படலைப் பூட்டின் திறப்பு அன்று யார் கையில் இருந்தது என்று அரை நாள் கேள்வி கேட்டார்கள்.

மாநாட்டுக்குக் கலைவாணியின் அண்ணன் வந்தார், இரும்புச் சாமான் கடைக்காரர். பதில் நீதிபதி அவரை உள்ளே இருக்க விட்டார். இணக்கம் இது தான்: சுதாகரன் எதிர்வழக்கை விடுவது, அவள் கூண்டில் நின்று ரெண்டு வரி மட்டும் சொல்லித் தீர்ப்பெடுப்பது, பிள்ளை தாயோடு, சனிக்கிழமை தகப்பனுக்கு. சட்டத்தரணிகள் தலையாட்டினார்கள். அண்ணன் தலையாட்டினார். நான் நிபந்தனைகளைக் கடகடவென்று வாசித்தேன். ஆறாவது பந்தி வந்தபோது சுதாகரன் நிமிர்ந்து ஒரு தடவை கலைவாணியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள். நான் அதைக் கண்டேன். கண்டும் ஏழாவது பந்தியை வாசித்தேன். இருபது நிமிடத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார்கள். "சுப்பர் மிஸ்" என்றார் பதில் நீதிபதி.

பத்து மாதம் கழித்து அந்த வழக்கேடு திரும்ப மேசைக்கு வந்தது. தாய் சனிக்கிழமைகளில் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை, நீதிமன்றக் கட்டளையை மீறுகிறாள், தண்டிக்க வேண்டும் என்று தகப்பன் மனுப் போட்டிருந்தார். தாய் பதில் போட்டிருந்தாள்: பிள்ளை வர மறுக்கிறது, வெள்ளிக்கிழமை இரவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "உன்ர அப்பா கள்ளனோ, ஏன் பொலிசில இருக்கிறார்?" என்று கேட்கிறார்களாம். தகப்பன் பிள்ளையைப் பார்க்கும் உரிமையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று அவள் சட்டத்தரணி கேட்டிருந்தார். இந்த முறை கேள்வி திறப்பைப் பற்றியதாக இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இருப்பாரா இல்லையா என்பது.

ஐயா அப்போது திரும்பி வந்திருந்தார். வழக்கேட்டை முழுக்க வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆறாம் பந்தி ஆர் கேட்டது?"

"வழமையாப் போடுறது ஐயா."

"வழமை எண்ட பேரில இந்த வழக்கில ஆள் ஒருத்தரும் இல்ல. ஆர் கேட்டது?"

நான் குனிந்து அந்தப் பந்தியைத் திரும்ப வாசித்தேன். "நாளைக்கு அவை வரேக்க யோசிச்சு வைச்சிருங்கோ" என்றார்.

அடுத்த நாள் ஐந்து கதிரை. அண்ணன் வெளியே. சட்டத்தரணிகள் சுவரோரம். கடிகாரம் லாச்சிக்குள். முதலில் கலைவாணியின் நாள். பிறகு சுதாகரனிடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாலரைக்கு எழும்புவன் ஐயா. தங்கச்சி வீட்டில தான் இருக்கிறன். மச்சான் எழும்ப முதல் முகத்தைக் கழுவிப்போட்டு வெளிக்கிட்டிருவன். வேலை ஆறரைக்கு. அதுவரைக்கும் ஜெற்றியில இருப்பன்."

"பின்னேரம்?"

"வேலை முடிஞ்சு கொஞ்சம் பிந்தித் தான் போவன். அவை சாப்பிட்டு முடியட்டும் எண்டு. தங்கச்சிக்கு எண்டு குடுத்த வீடு ஐயா, அம்மாவும் அங்க தான். நான் முன் அறையில பாய் போட்டுப் படுக்கிறன்."

"சனிக்கிழமை?"

"ஒன்பதுக்குப் பொலிசுக்குப் போவன். மழை இல்லையெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள்ள மான் பாக்கப் போவம். கடக்கரையில இருப்பம். மழையெண்டால் வாங்கிலயே."

"எந்த வாங்கு?"

"பொலிஸ் வாங்கு தான். மூண்டு மணி வரைக்கும். பொலிஸ்காரர் நல்லவை, பிள்ளைக்கு விசுக்கோத்து எல்லாம் குடுத்தவை. மார்கழி முழுக்க மழை தானே ஐயா."

"ஏன் வீட்ட கூட்டிக்கொண்டு போகேல்ல?"

சுதாகரன் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எந்த வீட்ட ஐயா?"

கலைவாணி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன் பொலிஸ் எண்டு கேட்டனீங்கள்? என்னைப் பொலிசுக்கு இழுத்து ஊருக்குக் காட்டத் தானே?"

"நானோ? நான் எங்க கேட்டனான்? உங்கட அண்ணன் தானே என்னைக் கள்ளன் மாதிரி அங்க வரச் சொன்னது."

"அண்ணன் ஒண்டும் சொல்லேல்ல. நீங்கள் தான் போட்டது எண்டு நினைச்சன்."

"நான் நீங்கள் எண்டு நினைச்சன்."

ஐயா என் பக்கம் திரும்பினார். நான் எழும்பி நின்று சொன்னேன். "ரெண்டு பேரும் கேக்கேல்ல ஐயா. என்ர மாதிரியில கிடந்தது. நான் அடிச்சனான்."

பத்து மாதம் ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. எல்லாம் நான் மினக்கெட விரும்பாத ஒரு வசனத்துக்காக. கலைவாணி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முயற்சிக்க மாட்டேன். சுதாகரன் சிரித்தார். அது தான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"சரி" என்றார் ஐயா. "மனுவை விடுங்கோ. மதுரா சனிக்கிழமை தகப்பனோட எங்க இருக்கப் போறா? ரெண்டு பேரும் யோசியுங்கோ. எனக்கு அவசரம் இல்ல."

வெளியே அண்ணன் கதவடியில் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கலைவாணி சொன்னாள்: "சனிக்கிழமையில நான் அண்ணன் வீட்ட போறனான் தானே. அந்த நேரம் இவர் எங்கட வீட்ட வந்து பிள்ளையோட இருக்கட்டும்."

அவள் சட்டத்தரணி எழும்பினார். "ஐயா, என்னுடைய கட்சிக்காரர் இதை வடிவா யோசிக்க வேணும். வெளியேறின ஒருவரைத் திரும்ப வீட்டுக்குள் விட்டால்..."

"உங்கட நேரம் வரும் சேர்."

வெளியே இருந்த அண்ணனுக்கு எப்படிக் கேட்டதோ, கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "கலை, உனக்கென்ன விசரோ? விவாகரத்து எடுத்த மனுசனை வீட்டுக்க விடுறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

"அண்ணா, வீடு ஆரின்ர பேரில?"

அண்ணனும் சேர்ந்து தான் அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்தது. நீதிமன்றத்தில் ஆட்களைக் கூப்பிட்டு ஒழுங்கு பார்க்கும் முதலியார் வந்து அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

சுதாகரன் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அவருக்கும் ரோசம் இருந்தது. "நான் முற்றத்தில பிள்ளையோட இருந்திட்டு வாறன். உள்ள வர வேண்டாம்" என்றார்.

"மழைக்கும் முற்றத்திலயோ?" என்றாள் கலைவாணி. "பிள்ளைக்குப் பசிச்சால்?"

"அப்ப குசினிக்குள்ள மட்டும் வரலாமோ? ரொட்டி சுட்டுக் குடுப்பன்."

"சட்டி எங்க இருக்கெண்டு தெரியும் தானே."

ஐயா என்னை மாதிரியைத் தொட விடவில்லை. வெறும் பக்கத்தில், அவர்கள் சொன்ன சொல்லிலேயே அடிக்கச் சொன்னார். "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மதுராவின் அப்பா உப்புவெளி வீட்டுக்கு வருவார். அம்மா அந்த நேரம் மாமா வீட்டுக்குப் போவார். அப்பா குசினியைப் பாவிக்கலாம். மூன்று மணிக்கு அம்மா வருவார், அப்பா போவார். திறப்பு மதுராவின் கையில் இருக்கும்." கடைசி வசனம் கலைவாணி சொன்னது. மூன்று வருடம் வழக்கு நடந்த அந்தத் திறப்பு. இரண்டு பேரும் தங்கள் வாயால் திருப்பிச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்து வந்து கையொப்பம் வைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஐயா என் கணினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் மாதிரியை அழிக்கும் வரை நின்றார். அந்த வழக்கேடு பிறகு வரவில்லை. எங்கள் வேலையில் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கிடைக்கும் நல்ல செய்தி அது ஒன்று தான், வழக்கேடு வராதது.

நான் அழித்தது என் கணினியில் இருந்ததை மட்டும். அதற்கு முன்னே எத்தனை சட்டத்தரணிகளின் கிளாக்கர்மாருக்கு அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. "மிஸ்ஸின்ர மாதிரி திறம்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

போன மாதம் வகுப்பில் சுவரில் படம் விழுத்திக் காட்டினார்கள். மாநாடு எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்று ஒரு பக்கம். "இணக்கம்: ஆம், இல்லை" என்று கட்டம் போட்ட படிவம் ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் மாதிரி நிபந்தனைகள். பத்துப் பந்தி. ஆறாவது பந்தியில் என் வசனம், ஒரு சொல் மாறாமல், சுவரை நிறைத்துக்கொண்டு நின்றது.

நான் எழும்பினேன். "நிரோஷன், ஆறாம் பந்தியை எடுங்கோ."

"மிஸ், அது எல்லா இடமும் போடுறது தானே. பாதுகாப்பு. தேவையில்லையெண்டால் மாத்தலாம்."

"மாத்தினனீங்களோ? ஒருக்காலாவது?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் படத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு பெண் பிள்ளை நல்ல மனதோடு தான் சொன்னது, "மிஸ், ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லையே." எனக்கு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இப்போது அதைத் திருப்பி எழுத விருப்பமில்லை. அவர்கள் சின்னப் பிள்ளைகள், அந்த வசனம் அவர்களுடையதும் இல்லை. ஆனால் இதை மட்டும் எழுதுகிறேன். கேட்கப்படாத மனிதன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். தனக்கு வீடில்லை என்று பெண்சாதியின் அண்ணனுக்கு முன்னால் ஒரு ஆண் எப்படிச் சொல்வான்? கேட்க வேண்டியது உங்கள் வேலை. அந்தக் கட்டத்துக்குள் அது இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை எனக்கு வீட்டில் இருக்க ஏலவில்லை. ஓட்டோ பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். ஒன்பது ஆக ஐந்து நிமிடம். உள்ளே முறைப்பாடு எழுதும் மேசைக்கு முன்னால் நீள வாங்கு. ஒரு ஓரத்தில் இரவு பிடித்துக்கொண்டு வந்த குடிகாரன் ஒருவன் தூங்கிக்கொண்டு இருந்தான். மற்ற ஓரத்தில் இரண்டு பிள்ளைகள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், வேறு வேறு தாய்மாரோடு வந்தவர்கள். தாய்மார் வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். சின்னவள் ஆறு வயது இருப்பாள். தலையை இழுத்துப் பின்னி, பவுடர் போட்டு, மடியில் பை வைத்திருந்தாள்.

"முறைப்பாடோ அம்மா?" என்று கேட்டார் மேசையில் இருந்த பொலிஸ்காரர்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். யார்மேல் என்று கேட்டால் என் பெயரைத் தான் கொடுக்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன்.

சின்னவள் பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள். என் நரைத்த தலையையும் கையில் இருந்த குடையையும் பார்த்தாள். நான் அந்த வாங்குக்கு ஏன் வந்தேன் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே காரணத்தை வைத்துத் தான் கேட்டாள்.

"உங்கட அப்பாவும் இன்னும் வரேல்லையோ?"